20 எழுத்து ஃபீல்டு ஏன் 80 ஆச்சு?

பேசும்போது நான் போட்ட 'ம்ம்', 'அதாவது' எல்லாத்தையும் வெட்டிட்டு, கேட்டவங்களுக்கும் கேக்காதவங்களுக்கும் சேர்த்து இந்த எபிசோடை எழுத்துல போட்டிருக்கேன். தலைப்பு கொஞ்சம் டெக்னிக்கலா இருக்கும். ஆனா விஷயம் உங்க பேரு சம்பந்தப்பட்டது. ஒரு தடவை நான் பண்ண தப்பால ஒரு அக்காவுக்கு பதினோரு நாள் சம்பளம் வராம போச்சு. அங்க இருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் ஊர் நாட்றாம்பாளையம். தெரியாதவங்களுக்கு: ஓசூர்ல இருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி தாண்டி, காட்டுக்கு நடுவுல போற ரோட்டுல வரும். கிருஷ்ணகிரி மாவட்டம், ஆனா கர்நாடகா பக்கத்துலயே இருக்கு. வீட்டுல ஒரு பாஷை, கடையில ஒரு பாஷை, பஸ்ல ஒரு பாஷைன்னு தமிழ், கன்னடம், தெலுங்கு மூணும் புழங்குற பக்கம். படிச்சு முடிச்சு ஓசூர்ல ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில ஐடி டீம்ல சேர்ந்தேன். கம்பெனி பேரு வேண்டாம், தப்பு என்னோடது.

அங்க ஒப்பந்தத் தொழிலாளர்களோட வருகைப் பதிவு, சம்பளக் கணக்கு எல்லாம் எங்க ஆரக்கிள் டேட்டாபேஸ்ல இருக்கும். ஆள் அனுப்புற கான்ட்ராக்டர் வேற சாஃப்ட்வேர் வெச்சிருந்தார், அது எஸ்க்யூஎல் சர்வர். அவர் டேட்டாவை மாசா மாசம் நம்ம பக்கம் இம்போர்ட் பண்ணணும். அந்த வேலை என் தலையில விழுந்துச்சு.

அவர் டேபிள்ல பெயர் ஃபீல்டோட நீளம் 20. ஊர் ஃபீல்டும் 20. இம்போர்ட் டூல் நம்ம பக்கம் தானா ஒரு டேபிள் உருவாக்குச்சு. திறந்து பார்த்தா ரெண்டும் 80ன்னு இருக்கு! நான் என்ன நெனச்சேன்? 'டூல் ஏதோ கோளாறு பண்ணிடுச்சு.' டாக்குமென்ட்ல பெயர் 20ன்னு தெளிவா போட்டிருக்கு. ஸோ 80ஐ அழிச்சு 20 ஆக்கினேன். ஒழுங்கா வேலை பண்ணிட்டேன்னு பெருமை வேற. சாம்பிள் ஃபைல் போட்டு டெஸ்ட் பண்ணேன், எல்லாம் பாஸ். சாம்பிள்ல இருந்த பேரு எல்லாமே இங்கிலீஷ்ல இருந்ததை நான் கவனிக்கல.

நிஜ டேட்டா வந்தப்ப எரர். ஆரக்கிள்ல வேலை பாக்குறவங்களுக்கு இந்த நம்பர் நல்லா பழக்கம்: ஓஆர்ஏ-12899. ஃபீல்டுக்கு மதிப்பு ரொம்பப் பெருசு, உண்மையான அளவு 27, அதிகபட்சம் 20ன்னு சொல்லுது. எந்த வரிசைன்னு தேடிப் பார்த்தா 'மாதம்மாள்'. (பேரை மாத்திச் சொல்றேன், ஆனா எழுத்துக் கணக்கு மாறல.) மாதம்மாள்ல எங்கய்யா 27 எழுத்து?

இங்க ஒரு நிமிஷம் நிறுத்துறேன். அந்த 27ஐப் புரிஞ்சுக்கிட்டா மீதி எல்லாம் புரிஞ்சிடும்.

நம்ம கண்ணுக்கு மாதம்மாள் அஞ்சு எழுத்து: மா, த, ம், மா, ள். யூனிகோடு இதை அப்படி எண்ணாது. 'மா'ங்கறது அதுக்கு ரெண்டு குறி, ம ஒண்ணு, துணைக்கால் ஒண்ணு. 'ம்'மும் ரெண்டு, ம ஒண்ணு, புள்ளி ஒண்ணு. அப்படி எண்ணினா ரெண்டு, ஒண்ணு, ரெண்டு, ரெண்டு, ரெண்டு, மொத்தம் ஒன்பது குறி. டேட்டாபேஸ் 'கேரக்டர்'னு சொல்றது இந்தக் குறியைத்தான். அடுத்து, யூடிஎஃப்-8ல தமிழ்க் குறி ஒவ்வொண்ணுக்கும் மூணு பைட். ஒன்பது மூணு இருபத்தேழு. ஆக ஒரே பேருக்கு மூணு நீளம்: அஞ்சு எழுத்து, ஒன்பது கேரக்டர், 27 பைட். 'நீளம் 20'ன்னு எழுதி வெச்சா அதுல இருக்கற 20 எந்த 20ன்னு டாக்குமென்ட் சொல்லவே இல்ல. சந்தையில போய் 'அஞ்சு குடுங்க'ன்னு கேட்டா கடைக்காரர் அஞ்சு கிலோவா, அஞ்சு ரூபாய்க்கான்னு திருப்பிக் கேப்பார்ல? டேட்டாபேஸ் கேக்காது. அதுபாட்டுக்கு ஒண்ணை எடுத்துக்கும்.

எதை எடுத்துக்கும்ங்கறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆரக்கிள்ல வார்சார்2(20)ன்னு எழுதினா இயல்பா அது 20 பைட். கேரக்டர் வேணும்னா 20க்குப் பக்கத்துல 'சார்'னு நாமளே வெளிப்படையா எழுதணும். போஸ்ட்கிரஸ்ல வார்சார்(20)ன்னா 20 கேரக்டர். மைஎஸ்க்யூஎல்லும் 4.1 பதிப்புல இருந்து கேரக்டர்தான் எண்ணுது. எஸ்க்யூஎல் சர்வர்ல என்வார்சார்(20)ன்னா 20 இரட்டை பைட், தமிழ்க் குறி ஒவ்வொண்ணும் ஒரு இரட்டைக்குள்ள அடங்கிடும். கான்ட்ராக்டர் வெச்சிருந்தது இந்த என்வார்சார். அங்க மாதம்மாள் சௌகரியமா உக்காந்திருந்தாங்க, 20ல ஒன்பதுதான் ஆகியிருந்துச்சு. என் டேபிள்ல இடம் பத்தல.

இதை நீங்க ஏற்கனவே வேற இடத்துல பார்த்திருக்கீங்க. இங்கிலீஷ்ல எஸ்எம்எஸ் அனுப்பினா 160 எழுத்து, தமிழ்ல அனுப்பினா 70. ரெண்டுக்கும் பட்ஜெட் அதே 140 பைட்தான். இங்கிலீஷுக்கு ஒரு எழுத்துக்கு 7 பிட், தமிழுக்கு 16 பிட். பேக்கேஜ் ஒண்ணு, சாமான் பெருசு.

சரி, தமிழுக்கு ஏன் மூணு பைட்? யூடிஎஃப்-8ஐ 1992ல கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் சேர்ந்து வடிவமைச்சாங்க. நியூ ஜெர்சியில ஒரு சாப்பாட்டுக் கடையில, தட்டுக்குக் கீழ விரிக்கற பேப்பர்ல கிறுக்கினதுன்னு சொல்ற கதை இதோடதுதான். கணக்கு சிம்பிள். குறியோட எண் 127 வரைக்கும்னா ஒரு பைட், இங்கிலீஷ் முழுக்க அங்க. 2047 வரைக்கும் ரெண்டு பைட், கிரேக்கம், ரஷ்யன், ஹீப்ரு, அரபி அங்க. 2048ல இருந்து 65535 வரைக்கும் மூணு பைட். அதுக்கு மேல நாலு, உங்க எமோஜி பெரும்பாலும் அங்கதான். தமிழோட இடம் 2944ல இருந்து 3071 வரை. அடுத்த வீடு 3072ல தெலுங்கு, அதுக்கடுத்து 3200ல கன்னடம். எங்க ஊர் மாதிரியே மூணும் பக்கத்துப் பக்கத்து வீடு! மூணுக்கும் வாடகையும் ஒண்ணுதான், மூணு பைட். ஸோ இது தமிழுக்கு யாரோ பண்ண சதி இல்ல, வரிசையில நமக்குக் கிடைச்ச இடம் அது. ஆனா 20ன்னு ஃபீல்டு வெச்சு டிசைன் பண்றவர் மனசுல இங்கிலீஷ் பேரு மட்டும்தான் ஓடுது. அது வேற விஷயம், அதுக்குக் கோவப்படலாம்.

இப்ப 80க்கு வருவோம். டூல் கோளாறு பண்ணலை. அந்தப் பக்கம் 20 கேரக்டர். இந்தப் பக்கம் யூடிஎஃப்-8, ஒரு கேரக்டர் அதிகபட்சம் நாலு பைட் எடுக்கும். உள்ள என்ன பாஷை வரப்போகுதுன்னு டூலுக்குத் தெரியாது. அதனால மோசமான நிலைமையை நெனச்சு 20ஐ நாலால பெருக்கி 80 வெச்சுது. கல்யாணத்துக்கு எத்தனை பேர் வருவாங்கன்னு தெரியாம இலை போடுற சமையல்காரர் மாதிரி. ரெண்டு ஆரக்கிள் டேட்டாபேஸுக்கு நடுவுலயே இது நடக்கும். ஒரு பக்கம் பழைய ஒற்றை பைட் எழுத்துமுறை, இன்னொரு பக்கம் யூடிஎஃப்-8ன்னு வெச்சுக்கோங்க. டேட்டாபேஸ் லிங்க் வழியா டேபிளை இழுத்தா, 10ன்னு இருந்த ஃபீல்டு மூணு மடங்கோ நாலு மடங்கோ ஆகி வந்து நிக்கும். சாஸ்ல இதுக்குன்னே சிவிபின்னு ஒரு எஞ்சின் இருக்கு. எத்தனை மடங்குன்னு நாம சொல்லலைன்னா 1.5 மடங்கு விரிக்கும். பிரெஞ்சு, ஜெர்மனுக்கு அது தாராளம். நமக்கு 'முருகன்'கூட உள்ள போகாது.

முருகனைக் கணக்கு போட்டுப் பாருங்க. இங்கிலீஷ்ல ஏழு எழுத்து, ஏழு பைட். தமிழ்ல நாலு எழுத்து, ஏழு குறி, 21 பைட். தமிழ்நாட்டுல தெருவுக்கு ஒருத்தருக்கு இருக்கற பேரு, 20 பைட் ஃபீல்டுல ஒரே ஒரு பைட்டால நுழைய முடியல. எங்க ஊர் பேரு இன்னும் மோசம். நாட்றாம்பாளையம்: எட்டு எழுத்து, 15 குறி, 45 பைட்.

இதெல்லாம் அன்னைக்கு எனக்குத் தெரியாது. இனிமேதான் நிஜமான தப்பு.

எரரை எப்படி நிறுத்தறதுன்னு பார்த்தேன். 20க்கு மேல இருந்தா வெட்டிடலாம்னு சப்ஸ்டிஆர் ஃபங்ஷன் போட்டேன். எரர் போகல, ஏன்னா அது கேரக்டரை எண்ணுது, மாதம்மாள் ஒன்பதுதானே. நெட்ல தேடினதுல சப்ஸ்டிஆர்பின்னு ஒண்ணு கிடைச்சுது, அது பைட்டை எண்ணி வெட்டும். போட்டேன். எரர் போச்சு. வீட்டுக்குப் போயிட்டேன்.

ஆரக்கிள் எனக்கு நல்லதுதான் பண்ணுச்சு, சத்தம் போட்டுச் சொல்லுச்சு. நான்தான் அது வாயை அடைச்சேன்.

வெட்டினதுல என்ன ஆச்சு? 20 பைட்ல ஆறு தமிழ்க் குறிதான் முழுசா நிக்கும். 'மாதம்மாள்' வந்து 'மாதம்ம' ஆயிடுச்சு. ஊர் 'நாட்றா' ஆயிடுச்சு. அதே லிஸ்ட்ல 'மாதம்மா'ன்னு இன்னொரு அக்கா இருந்தாங்க. அவங்க பேரு ஏழு குறி, 21 பைட். வெட்டினா அதுவும் 'மாதம்ம'. ரெண்டு பேரும் ஒரே ஊர்ல இருந்து ஒண்ணா கிளம்பி வந்து, ஓசூர்ல ஒரே ரூம்ல தங்கி, ஒரே நாள்ல வேலைக்குச் சேர்ந்தவங்க. கான்ட்ராக்டர் லிஸ்ட்ல தொழிலாளர் எண் கிடையாது. அதனால பேரு, ஊர், சேர்ந்த தேதி மூணும் ஒத்துப்போனா அது டபுள் என்ட்ரின்னு ஒண்ணைத் தூக்கற மாதிரி நானே எழுதியிருந்தேன். புரியுதா? ரெண்டு மனுஷங்களை ஒரு மனுஷி ஆக்கிட்டேன். ஒருத்தருக்கு சம்பளம் வந்துச்சு, இன்னொருத்தருக்கு வரல.

மாதம்மாள் அக்கா நேரா ஐடி ரூமுக்கே வந்தாங்க, ஊர்க்காரப் பையன் இங்க இருக்கான்னு யாரோ சொல்லியிருக்காங்க. கையில பக்கத்து அக்காவோட சம்பளச் சீட்டு. "தம்பி, இது அவ சீட்டு. இதுல இருக்கறது என் பேருமில்ல, அவ பேருமில்ல. யாரு இந்தப் பொம்பள?"ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் சொல்ல வரல. "பாத்துச் சொல்றேன்க்கா"ன்னேன். கண்டுபிடிக்க ஒரு நாள், திருத்தி அடுத்த பேமென்ட்ல சேர்க்க மீதி நாள், மொத்தம் பதினொண்ணு. அந்தப் பதினோரு நாளும் ரூம் வாடகை யாரு குடுத்தாங்கன்னு நான் கேக்கல. கேட்டிருக்கணும்.

திருத்தினது பெரிய வித்தையெல்லாம் இல்ல. சப்ஸ்டிஆர்பியைத் தூக்கினேன். ஃபீல்டை கேரக்டர் கணக்குக்கு மாத்தினேன். தொழிலாளர் எண் இல்லாம லிஸ்ட் வாங்க மாட்டோம்னு கான்ட்ராக்டர்கிட்ட சொல்ல வெச்சேன். கடைசியா சொன்னதுக்குத்தான் ரொம்பச் சண்டை.

ஆனா 'பெருசாக்கிட்டா போதும்'னு நெனச்சுடாதீங்க. ரெண்டு இடத்துல அது கைவிடும்.

ஒண்ணு, உச்சவரம்பு. ஆரக்கிள்ல வார்சார்2க்கு வழக்கமான எல்லை 4000 பைட். 4000 சார்னு எழுதினாலும் அந்த 4000 பைட் சுவர் நகராது. தமிழ்ல அது 1333 குறி. 12சிக்கு அப்புறம் ஒரு செட்டிங்கை மாத்தினா 32767 வரைக்கும் போகலாம், ஆனா அதை யாராவது மாத்தியிருக்கணும். குறைகள், விண்ணப்பம்னு ஒரு ஃபீல்டு வெச்சிருக்கீங்கன்னா, இங்கிலீஷ்ல எழுதினவருக்கு நாலாயிரம் எழுத்து, தமிழ்ல எழுதினவருக்கு மூணுல ஒரு பங்கு. நம்மாளுங்க ஒரு மனு எழுத உக்காந்தா 1333 எங்க பத்தும்? மைஎஸ்க்யூஎல்லுக்கு வேற சுவர். பழைய பதிப்புகள்ல இண்டெக்ஸுக்கு 767 பைட்தான். 255 கேரக்டரை மூணால பெருக்கினா 765, உள்ள நுழைஞ்சிடும். எமோஜிக்காக நாலு பைட் முறைக்கு மாறினப்ப அது 1020 ஆச்சு, நுழையல. பல புராஜெக்ட்ல ஈமெயில் ஃபீல்டு காரணமே இல்லாம 191ன்னு இருக்கும் பாருங்க, இதுதான் காரணம். 191ஐ நாலால பெருக்கினா 764.

எமோஜிக்கு மட்டும்தான் நாலு பைட், தமிழுக்கு மூணுதானேன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். பெரும்பாலும் சரி. ஆனா 2019ல யூனிகோடு 12ஆம் பதிப்புல பழைய தமிழ் பின்னங்கள், அளவைக் குறிகள் எல்லாம் சேர்த்து தமிழுக்குத் தனியா இன்னொரு பகுதி குடுத்தாங்க. அது 65535க்கு மேல இருக்கு, ஸோ நாலு பைட். முந்திரி, மாகாணியெல்லாம் போட்ட பழைய ஆவணத்தை டைப் பண்ணி ஏத்தப் போறீங்கன்னா ஞாபகம் வெச்சுக்கோங்க.

ரெண்டாவது இடம்தான் எனக்குப் பிடிச்ச இடம், பயமாவும் இருக்கற இடம். பழைய ஃபான்ட் டேட்டா.

யூனிகோடு பரவுறதுக்கு முன்னாடி தமிழை எட்டு பிட்ல, ஃபான்ட் முறையில எழுதினோம். 1999ல தமிழ்நாடு அரசு டாம், டாப்னு ரெண்டு முறையை அறிவிச்சுது. இணையத்துல டிஸ்கி, டிடிபி சென்டர்ல வேற வேற ஃபான்ட். 2010லதான் அரசு யூனிகோடைத் தரமா ஏத்துக்கிட்டு, கூடவே டேஸ்16ன்னு ஒரு 16 பிட் முறையையும் மாற்றா வெச்சுது. ஸோ அதுக்கு முன்னாடி ஏத்தின டேட்டா பழைய முறையில தூங்கிட்டு இருக்கறது சகஜம்.

டிஸ்கியில 'மு' ஒரே பைட். 'ரு' ஒரு பைட், 'க' ஒரு பைட், 'ன்' ஒரு பைட். முருகன் முழுசா நாலு பைட்! யூனிகோடுக்கு மாத்தினா 21. அஞ்சு மடங்குக்கும் மேல. 'ஸ்ரீ'க்கு டிஸ்கியில ஒரு பைட். யூனிகோடுல ஸ, புள்ளி, ர, ஈகாரக் கொம்புன்னு நாலு குறி, 12 பைட். பன்னிரண்டு மடங்கு. எங்க ஊர் பேரு டிஸ்கியில 12 பைட், இப்ப 45.

இதுல சிக்கல் என்னன்னா, டேட்டாபேஸுக்கு டிஸ்கின்னா என்னன்னே தெரியாது. அது ஏதோ ஐரோப்பிய எழுத்துன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு. இம்போர்ட் டூலும் அப்படியே நம்பி, ஒரு பைட்டுக்கு நாலு பைட் போதும்னு 20ஐ 80 ஆக்கும். அப்புறம் நீங்க தனியா ஒரு கன்வர்ட்டர் எழுதி யூனிகோடுக்கு மாத்துவீங்க. 'மு' ஒரு பைட்ல இருந்து ஆறு பைட் ஆகும். டூல் எவ்வளவோ ஜாக்கிரதையா போட்ட 80ம் பத்தாம போகும். அங்க மட்டும் பெருக்கல் வாய்ப்பாட்டை நம்பாதீங்க. முதல்ல மாத்திப் பாருங்க, மாத்தினதுக்கு அப்புறம் ரொம்ப நீளமான மதிப்பு எத்தனை பைட்னு அளந்து, அதுக்கு மேல ஃபீல்டு வைங்க.

மாத்தினப்புறமும் ஒரு குட்டிப் பிரச்சினை இருக்கு. 'கோ'வை ஓகாரக் குறி ஒண்ணே ஒண்ணு போட்டும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, துணைக்கால்னு ரெண்டாப் பிரிச்சும் எழுதலாம். ஸ்க்ரீன்ல ரெண்டும் ஒண்ணுதான். ஆனா 'கோபால்' முதல் முறையில 18 பைட், ரெண்டாவதுல 21. ஒருத்தர் 20க்குள்ள நுழைவார், அதே பேருள்ள இன்னொருத்தர் நுழைய மாட்டார், ஏன்னு யாருக்கும் புரியாது. ஏத்தறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்திடுங்க.

ஃபீல்டை விரிச்சா வேற எங்கயாவது இடிக்குமான்னும் கேப்பாங்க. இடிக்கும். முக்கியமா, பேங்குக்கு அனுப்புற பழைய பாணி டெக்ஸ்ட் ஃபைல். முதல் 20 இடம் பேரு, அடுத்த இடத்துல இருந்து அக்கவுண்ட் நம்பர்னு இடத்தை எண்ணிப் படிக்கற ஃபைல் அது. பேரு நீண்டா அக்கவுண்ட் நம்பர் நகரும். அங்க தமிழ்ப் பேரை அனுப்பாதீங்க, இங்கிலீஷ் பேருக்குத் தனி ஃபீல்டு வைங்க. எங்க கம்பெனியில அதைத்தான் பண்ணோம். அழகான தீர்வு இல்லதான், ஆனா சம்பளம் போய்ச் சேருது.

அடுத்த மாசச் சீட்டு பிரிண்ட் ஆனப்ப மாதம்மாள் அக்காகிட்ட நானே கொண்டுபோய்க் குடுத்தேன். பேரை விரலால தடவிப் பார்த்துட்டு, "புள்ளி இருக்கு"ன்னாங்க. அப்புறம் ஊர் பேரைப் பார்த்தாங்க. அது ரெண்டு வரியா மடங்கி, 'யம்' மட்டும் தனியா கீழ நின்னுச்சு. டெம்ப்ளேட்ல அந்தக் கட்டத்தோட அகலத்தை மாத்த மறந்திருந்தேன். "பரவால்ல தம்பி, ஊரு முழுசா வந்துச்சே"ன்னாங்க.

அந்தக் கட்டத்தை இப்ப சரி பண்ணியாச்சு. ஆரக்கிள் வெச்சிருக்கறவங்க உங்க பேரைத் தமிழ்ல போட்டு லெங்த், லெங்த்பி ரெண்டையும் ஓட்டிப் பாருங்க. வர்ற ரெண்டு நம்பரையும் எனக்கு அனுப்புங்க. 'லக்ஷ்மி'ன்னு பேரு இருக்கறவங்க கண்டிப்பா அனுப்புங்க, மூணு எழுத்துப் பேருக்கு 21 பைட் வருதான்னு பார்க்கலாம். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.